எழுதி வைத்த சட்டமா, ஊர் வழக்கமா? ஏற்காடு மலையில் இன்னும் முடியாத ஒரு கேள்வி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு சுமார் 30 கிலோமீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போகப் போகக் குளிரும், காது அடைக்கும், மிளகுக் கொடியும் காபிச் செடியும் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் இன்னொன்றும் மாறும்.

கீழே சேலம் டவுனில் பிறந்த ஒரு பெண்ணுக்கு, குடும்பச் சொத்தில் அண்ணன் தம்பிக்குச் சமமான பங்கு உண்டு. தமிழ்நாடு 1989-லேயே இதற்குச் சட்டம் போட்டது. நாடு முழுக்க 2005-ல் வந்தது. மேலே மலைக் கிராமத்தில் பிறந்த மலையாளி பழங்குடிப் பெண்ணுக்கு? அந்தச் சட்டம் அவருக்குப் பொருந்தாது. இந்து திருமணச் சட்டமும் பொருந்தாது. அவருடைய கல்யாணம், மணமுறிவு, சொத்து எல்லாவற்றையும் முடிவு செய்வது ஊர் வழக்கம். அந்த வழக்கம் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை.

இதுதான் சிக்கல். புத்தகத்தில் இருப்பது பெரிசா, ஜனங்கள் காலங்காலமாகச் செய்து வருவது பெரிசா? உலகத்தில் பல சமூகங்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி இது. யூதர்கள் இதைப் பற்றி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாதாடி வருகிறார்கள். தமிழில் இதற்கு ஒரு தனி வசதி உண்டு. பழக்கத்துக்கும் 'வழக்கு' என்றுதான் சொல்கிறோம், கோர்ட்டில் நடப்பதற்கும் 'வழக்கு' என்றுதான் சொல்கிறோம்.

முதலில், மலையாளி என்றால் யார்?

கேரளக்காரர்கள் இல்லை. மலையை ஆளுகிறவர், மலையில் வாழ்கிறவர் என்ற பொருளில் வந்த பெயர். பேசுவது தமிழ். சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை, ஜவ்வாது மலை எனக் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் பரவி வாழ்கிறார்கள். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரிய சமூகம் இவர்கள்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மூன்றரை லட்சத்துக்கு மேல். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கான தனித் தொகுதியாக இருப்பதும் இதனால்தான்.

அவர்களுடைய பூர்வீகக் கதை ஒன்று உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் கிளம்பினார்கள். மூத்தவர் சேர்வராயன் மலைக்கும், நடுவிலவர் பச்சைமலைக்கும், இளையவர் கொல்லிமலைக்கும் போனார்கள் என்பது கதை. 1909-ல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளில் இந்தக் கதை பதிவாகியிருக்கிறது. வாய்வழியாக இருந்தது எழுத்தானது. எழுத்தானதும் என்ன ஆகும் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

மலை உச்சியில் ஒரு குகைக் கோவில். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். மே மாதத் திருவிழாவில் சுற்றுலாக் கூட்டத்தைத் தாண்டி மலைக் கிராமங்கள் திரளும். ஊருக்கு ஒரு ஊர்க் கவுண்டர், அதற்கு மேலே நாட்டார், பட்டக்காரர் என்று பஞ்சாயத்து அடுக்கு ஒன்று மரபாக உண்டு. பெயரும் அதிகாரமும் மலைக்கு மலை கொஞ்சம் மாறும்.

கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் 'பரியம்' கொடுப்பது வழக்கம். இது வரதட்சணைக்கு நேர் எதிர்த்திசை. ஒத்துப்போகவில்லை என்றால் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பேசி, பரியத்தைத் திருப்பித் தருவதா இல்லையா என்று கணக்குத் தீர்த்துப் பிரிந்துகொள்ளலாம். பெண் மறுமணம் செய்வதை யாரும் பாவமாகப் பார்ப்பதில்லை. குடும்ப நல நீதிமன்றத்தில் பரஸ்பர சம்மத விவாகரத்துக்குத் தேதி வாங்கி அலையும் நகரத்து ஆட்களுக்கு இது பொறாமையாகக்கூட இருக்கும்.

ஆனால் நிலம் என்று வந்தால் கதை வேறு. அது பொதுவாக அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகிறது. பேசித் தீர்க்கும் பஞ்சாயத்தில் உட்கார்ந்து வந்ததும் மரபாக ஆண்கள்தான்.

சட்டம் ஏன் மலை ஏறவில்லை?

1955-ல் வந்த இந்து திருமணச் சட்டத்திலும், 1956-ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்திலும் 2(2) என்று ஒரே மாதிரி ஒரு உட்பிரிவு இருக்கிறது. மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டு வேறு மாதிரி சொன்னால் ஒழிய, இந்தச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்பது அதன் சாரம்.

நோக்கம் நல்லதுதான். சமவெளிக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதிய விதிகளை மலைவாழ் மக்கள் தலையில் கட்டக்கூடாது, அவரவர் வழக்கம் அவரவருக்கு என்ற எண்ணம். பிரச்சினை எங்கே வருகிறது என்றால், அந்த வழக்கம் என்ன என்று யாராவது கேட்கும்போது.

ஊருக்குள் இருக்கும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். எல்லோருக்கும் தெரியும். பெண் பெங்களூருவில் வேலைக்குப் போய், விசாவுக்குத் திருமணச் சான்று கேட்கும்போதோ, வங்கியில் வாரிசு யார் என்று கேட்கும்போதோதான் தாள் தேவைப்படுகிறது. திருமணத்தைப் பொறுத்தவரை வழி இருக்கிறது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-ன்படி எந்த மதம், எந்த வழக்கப்படி நடந்த கல்யாணமானாலும் பதிவு செய்தாக வேண்டும். மலை வழக்கப்படி நடந்த கல்யாணமும் இதில் அடங்கும். பஞ்சாயத்தில் நடந்த மணமுறிவுக்குத்தான் அப்படி ஒரு கவுன்ட்டர் கிடையாது. அது செல்லும் என்று அறிவிக்கச் சொல்லி நீதிமன்றம் போக வேண்டும். அங்கே முதல் கேள்வியே, 'உங்கள் வழக்கத்தில் இப்படிப் பிரியலாம் என்பதற்கு என்ன ஆதாரம்?'

வழக்கத்தை நிரூபிப்பது எப்படி?

நீதிமன்றங்களுக்கு இதில் ஒரு பழைய அளவுகோல் உண்டு. வழக்கம் நெடுங்காலமாக இருக்க வேண்டும், விடாமல் தொடர வேண்டும், இன்னதென்று உறுதியாகச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும், நியாயமானதாக இருக்க வேண்டும், பொதுநலக் கொள்கைக்கு எதிராக இருக்கக் கூடாது. வழக்கம் இருக்கிறது என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

இதன் சூடு 2001-ல் ஒரு பழங்குடிப் பெண்ணின் வழக்கில் தெரிந்தது. தன்னை விட்டுவிட்டுக் கணவர் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார், இருதார மணக் குற்றத்துக்குத் தண்டிக்க வேண்டும் என்று அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். இரு தரப்பும் பழங்குடியினர் என்பதால் இந்து திருமணச் சட்டம் பொருந்தாது என்றது நீதிமன்றம். அப்படியானால் இரண்டாவது கல்யாணம் செல்லாது என்று சொல்லும் வழக்கம் அந்தச் சமூகத்தில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அது காட்டப்படவில்லை. வழக்கு தள்ளுபடி. புத்தகமும் கைகொடுக்கவில்லை, வழக்கமும் கைகொடுக்கவில்லை.

(முழுக்க அநாதையாக விடப்பட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. ஜீவனாம்சம் கேட்கும் உரிமையும், 2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் பழங்குடிப் பெண்களுக்கும் பொருந்தும்.)

வழக்கம் எப்போதுமே தோற்கும் என்று இல்லை. எழுத்தை வழக்கம் ஜெயித்த மிகப் பிரபலமான தீர்ப்பு தமிழ்நாட்டு வழக்கில்தான் வந்தது. ராமநாதபுரம் ஜமீனில் வாரிசு இல்லாமல் ஜமீன்தார் இறந்துபோக, ராணி ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தார். கணவரின் அனுமதி இல்லாமல் ஒரு விதவை தத்தெடுக்கலாமா? கூடாது, ஜமீன் அரசுக்குச் சேர வேண்டும் என்றார் மதுரை கலெக்டர். லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1868-ல் ராணி பக்கம் நின்றது. பங்காளிகளின் சம்மதம் இருந்தால் போதும், இந்தப் பகுதியில் அப்படித்தான் ஏற்கப்பட்டிருக்கிறது என்றது. தெளிவாக நிரூபிக்கப்பட்ட நடைமுறை, எழுதப்பட்ட சாஸ்திர வாசகத்தைவிடக் கனமானது என்ற கோட்பாடு அங்கேதான் பதிந்தது. சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு இன்றைக்கும் இந்த வழக்கைத் தெரியாமல் பரீட்சை எழுத முடியாது.

அதே காலத்தில் மதுரைப் பக்கம் வேலை பார்த்த ஜே.ஹெச். நெல்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி இன்னும் ஒரு படி மேலே போனார். 1877-ல் எழுதிய புத்தகத்தில், சென்னை உயர் நீதிமன்றம் கையாளும் 'இந்து சட்டம்' தமிழ்நாட்டுச் சாதிகளில் பெரும்பாலோர் கேள்விப்பட்டே இராத சமஸ்கிருத நூல்களிலிருந்து எடுத்தது என்று போட்டு உடைத்தார். ஊரில் போய் விசாரிக்காமல் நூலைப் புரட்டித் தீர்ப்பு சொல்கிறீர்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. உயர் நீதிமன்ற நீதிபதி இன்னஸ் அதற்கு மறுப்பே எழுதினார். நெல்சன் சொன்னது அன்றைக்கு எடுபடவில்லை. அவர் எழுப்பிய சந்தேகம் மட்டும் சாகவில்லை.

யூதர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள்?

புத்தகத்தின் மக்கள் என்று பெயர் வாங்கியவர்கள் யூதர்கள். தோரா, அதற்கு மேல் மிஷ்னா, அதற்கு மேல் தல்மூது, அதற்கு உரை, உரைக்கு உரை. இத்தனை எழுத்து இருந்தும், அவர்களுக்கு 'மின்ஹாக்' என்று ஒரு சொல் உண்டு. நம் ஊர் பாஷையில் சொன்னால் ஊர் வழக்கம். வழக்கம் சட்டத்தை ஓரங்கட்டிவிடும் என்ற கருத்து எருசலேம் தல்மூதிலேயே இருக்கிறது. எழுத்தே எழுத்துக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

எளிய உதாரணம், சாதம். பஸ்கா பண்டிகையின்போது புளித்த மாவு கூடாது என்பது வேதக் கட்டளை. கோதுமை, பார்லி போன்ற ஐந்து தானியங்கள்தான் அதில் அடங்கும். அரிசி அடங்காது. பஸ்கா மேசையில் அரிசி வைப்பது பற்றித் தல்மூதே பேசுகிறது. ஆனால் ஐரோப்பாவின் அஷ்கனாசி யூதர்கள் இடைக்காலத்திலிருந்து பண்டிகை நாட்களில் அரிசியையும் பருப்பையும் தொடுவதில்லை. புத்தகத்தில் தடை இல்லை. வழக்கத்தில் உண்டு. ஸ்பெயின் வழி வந்த செபார்டி யூதர்களோ நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள். அமெரிக்காவில் கன்சர்வேட்டிவ் பிரிவின் சட்டக் குழு 2015-ல்தான் அரிசி, பருப்பு சாப்பிடலாம் என்று சொன்னது. அதற்குப் பிறகும் பல வீடுகளில் பாட்டி செய்யாததைச் செய்ய மனம் வரவில்லை.

1565-ல் வெனிஸ் நகரில் ஜோசப் காரோ என்பவரின் சட்டத் தொகுப்பு அச்சானது. பெயர் ஷுல்ஹான் அரூக். 'விரித்து வைத்த மேசை' என்று பொருள். எல்லாம் தயார், உட்கார்ந்து சாப்பிட வேண்டியதுதான் என்கிற மாதிரி. போலந்தின் கிராக்கோ நகரில் இருந்த மோசே இஸர்லெஸ் அதைப் படித்துவிட்டு, எங்கள் ஊர் வழக்கம் இதில் எங்கே என்று கேட்டு, பக்கத்துக்குப் பக்கம் குறிப்பு எழுதினார். அந்தக் குறிப்புகளுக்கு அவர் வைத்த பெயர் 'மேசை விரிப்பு'. இன்றைக்கும் இரண்டும் ஒரே பக்கத்தில் சேர்ந்தே அச்சாகின்றன. சண்டையை இவ்வளவு அழகாகப் பக்கத்துக்குள் வைத்துக்கொண்டவர்கள் குறைவு.

20-ம் நூற்றாண்டின் பின்பாதியில் தராசு எழுத்துப் பக்கம் சாய்ந்தது. ஹய்ம் சொலவைசிக் என்ற வரலாற்றாசிரியர் 1994-ல் எழுதிய கட்டுரை இதைப் பற்றியது. ஊரும் அக்கம்பக்கமும் கலைந்து, புலம்பெயர்ந்து, அம்மாவைப் பார்த்துச் செய்வது நின்றபோது, மக்கள் புத்தகத்தைத் திறந்து 'சரியான அளவு எது' என்று தேட ஆரம்பித்தார்கள். புத்தகம் அம்மாவைவிடக் கண்டிப்பானது. ஏற்காட்டிலிருந்து வேலைக்குக் கீழே இறங்கிய தலைமுறைக்கும் இந்த நிலைமை அந்நியமாக இருக்காது. அவர்களிடம் திறப்பதற்கு அப்படி ஒரு புத்தகம் இல்லை, அவ்வளவுதான்.

மீனை வைத்து ஒரு பரீட்சை

இந்தியாவிலேயே புத்தகம் இல்லாமல் வழக்கத்தை மட்டும் வைத்துப் பிழைத்த யூதர்கள் இருந்தார்கள். கொங்கண் கடற்கரையின் பெனே இஸ்ரேல் சமூகம். கப்பல் உடைந்து ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் கரையேறியதாக அவர்களுடைய பூர்வீகக் கதை. எண்ணெய் ஆட்டும் தொழில். சனிக்கிழமை செக்கை ஓட்ட மாட்டார்கள். அதனால் ஊரார் வைத்த பெயர் 'சனிவார் தேலி', சனிக்கிழமை வாணியர். தோராச் சுருளும் இல்லை, எபிரேயமும் மறந்துபோயிற்று. ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம், ஓய்வுநாள், ஒரே ஒரு ஜெபம், உணவுக் கட்டுப்பாடு. இவைதான் மிச்சம்.

தாவீது ரஹாபி என்ற யூதர் அவர்களைச் சோதித்ததாக ஒரு கதை உண்டு. பலவகை மீன்களைக் கலந்து பெண்களிடம் கொடுத்துச் சமைக்கச் சொன்னாராம். துடுப்பும் செதிலும் உள்ள மீன்களை மட்டும் அவர்கள் பொறுக்கி எடுத்தார்கள். வேதத்தில் எழுதியிருப்பது அதுதான். வேதத்தைப் படித்தே இராத கைகள் அதைச் செய்தன. பாஸ்.

அடுத்த பரீட்சை அவ்வளவு இனிமையாக இல்லை. இஸ்ரேல் நாடு உருவான பிறகு ஆயிரக்கணக்கில் அங்கே குடியேறினார்கள். 1960-களின் தொடக்கத்தில் தலைமை ரபிகள் சிக்கல் கிளப்பினார்கள். உங்கள் முன்னோர் விவாகரத்து செய்தது வேத முறைப்படியா, ஊர் வழக்கப்படியா? ஊர் வழக்கப்படி என்றால் அது செல்லாது, அதற்குப் பிறகு நடந்த மறுமணமும் சந்தேகம், அதில் பிறந்த பிள்ளைகளும் சந்தேகம் என்று போனது வாதம். மற்ற யூதர்களைக் கல்யாணம் செய்ய வேண்டுமென்றால் தலைமுறை தலைமுறையாக வம்சம் விசாரிக்க வேண்டும் என்றார்கள். பெனே இஸ்ரேல் மக்கள் எருசலேமில் உட்கார்ந்து போராடினார்கள். 1964-ல் இஸ்ரேல் நாடாளுமன்றம் அவர்கள் எல்லா வகையிலும் முழு யூதர்கள் என்று அறிவித்த பிறகே ரபிகள் தங்கள் உத்தரவைத் திருத்தினார்கள்.

பஞ்சாயத்தில் பேசி முடித்த ஒரு மணமுறிவு, பல தலைமுறை கழித்து, வேறொரு நாட்டில், ஒரு பேத்தியின் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தது. மலையாளிகளின் பரியக் கணக்கைத் தாளில் தேடும் இன்றைய நீதிமன்றக் கேள்விக்கு இது தூரத்து உறவு.

அடைப்புக்குறிக்குள் ஒரு சமூகம்

இந்தியாவில் பழங்குடி என்பதை முடிவு செய்வது வழக்கமா, எழுத்தா? எழுத்து. குடியரசுத் தலைவரின் ஆணையில் உள்ள பட்டியல். அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டுப் பகுதியில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டுப் பழைய மாவட்டப் பெயர்கள் எழுதியிருக்கும். தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. கோயம்புத்தூர் அதில் இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து 1979-ல் ஈரோடு மாவட்டம் பிரிந்தது. அங்கே பர்கூர், கடம்பூர் மலைகளில் இதே மலையாளிகள் இருக்கிறார்கள். ஆனால் அடைப்புக்குறிக்குள் அவர்கள் மாவட்டம் வராததால் எஸ்.டி. சான்றிதழ் கிடைப்பதில்லை. பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். விளைவு விநோதமானது. ஏற்காட்டில் இருக்கும் மலையாளிக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாது. பர்கூர் மலையில் இருக்கும் மலையாளிக்குப் பொருந்தும். ஒரு அடைப்புக்குறி ஒரே சமூகத்தை இரண்டு சட்டத்தின் கீழ் நிறுத்துகிறது.

சான்றிதழ் விசாரணையிலும் இதே இழுபறிதான். தமிழ்நாட்டில் 1989 நவம்பரிலிருந்து எஸ்.டி. சான்றிதழைத் தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் தர வேண்டும். போலிச் சான்றிதழ்களைத் தடுக்க 1994-ல் உச்ச நீதிமன்றம் ஆய்வுக் குழு முறையைக் கொண்டுவந்தது. அந்த விசாரணையில் உங்கள் குலதெய்வம் எது, கல்யாணத்தில் என்ன சடங்கு, சாவுக்கு என்ன முறை என்றெல்லாம் கேட்பார்கள். ரஹாபியின் மீன் பரீட்சை மாதிரிதான்.

சேலத்திலோ சென்னையிலோ ஹாஸ்டலில் படித்து வளர்ந்த பையனுக்கு இதெல்லாம் பாதிதான் தெரியும். தெரியாததால் அவன் பழங்குடி இல்லை என்று ஆகிவிடுமா? 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் இதற்குப் பதில் சொன்னது. வழக்கம் தெரியுமா என்ற இந்தப் பரீட்சை இறுதியான உரைகல் அல்ல. நகரத்துக்கு வந்து, படித்து, கலந்து வாழ்கிறவர்களுக்குச் சடங்குகள் மறந்துபோயிருக்கலாம். சுதந்திரத்துக்கு முந்தைய ஆவணம் போன்ற நம்பகமான தாள் இருந்தால் அதற்குத்தான் எடை அதிகம்.

ஆக, வழக்கத்தைத் தொலைத்தவனைத் தாள் காப்பாற்றுகிறது. தாளே இல்லாத குடும்பம் என்ன செய்யும் என்பது வேறு விஷயம்.

சரி, எழுதிவிட்டால் போச்சு?

செய்து பார்த்திருக்கிறார்கள். அதுவும் தமிழர்களிடத்திலேயே. யாழ்ப்பாணத்தில் டச்சுக்காரர்கள் ஆண்டபோது, கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி அந்த ஊர்த் தமிழர்களின் சொத்து, சீதன வழக்கங்களை 1707-ல் தொகுத்தார். 12 முதலியார்களிடம் காட்டிச் சரி பார்த்தார்கள். 1806-ல் ஆங்கிலேயர்கள் அதைச் சட்டமாக்கினார்கள். தேசவழமை என்று இன்றும் இலங்கையில் நடைமுறையில் இருக்கிறது.

நன்மை, யாரும் வழக்கத்தை நிரூபிக்க அலைய வேண்டாம். தீமை, வழக்கம் அந்த 12 பேர் தலையாட்டிய நாளோடு உறைந்துவிடும். எழுதப்படாதவரை வழக்கம் சத்தமில்லாமல் மாறிக்கொண்டே இருக்கும். எழுதிய பிறகு அதை மாற்றத் திருத்தச் சட்டம் வேண்டும். அந்த 12 பேரில் பெண் யாராவது இருந்தாரா என்ற கேள்விக்கு 'முதலியார்கள்' என்ற சொல்லே பதில்.

புது வழக்கத்துக்கும் எழுத்து தேவைப்பட்ட கதை தமிழ்நாட்டில் உண்டு. புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிச் செய்த சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்று 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கம் என்று ஏற்க வேண்டுமானால் பழமை வேண்டும், இது நேற்று முளைத்தது என்பது அதன் சாரம். ஆயிரக்கணக்கான தம்பதிகள் அந்தரத்தில் நின்றார்கள். அண்ணா ஆட்சிக்கு வந்த பிறகு இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, முன்பு நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லுபடியாக்கினார்கள். 1968 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது.

மகளுக்குப் பங்கு: இப்போது எங்கே நிற்கிறது?

கடந்த சில ஆண்டுகளில் நீதிமன்றங்கள் அசைந்திருக்கின்றன, ஒரே திசையில் அல்ல.

2000-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு சந்தால் குடும்பத்தின் வழக்கில், அவர்கள் முழுக்க இந்து வழக்கங்களையே பின்பற்றுகிறார்கள் என்றால் விலக்கு தேவையில்லை, வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் என்றது. 2022 டிசம்பரில் இன்னொரு வழக்கில், 2(2)-ஐ மாற்றிப் பழங்குடிப் பெண்களுக்கும் சம பங்கு தருவதை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றது. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம், பழங்குடிப் பெண்களுக்குச் சொத்துரிமையை மறுக்க முடியாது என்று சொல்லி, மத்திய அரசின் அறிவிக்கைக்கு நடவடிக்கை எடுக்கும்படி தமிழ்நாடு அரசை அறிவுறுத்தியது.

2025 ஜூலையில் வந்த தீர்ப்புதான் முக்கியத் திருப்பம். சத்தீஸ்கரின் கோண்டு பழங்குடிப் பெண் ஒருவரின் வாரிசுகள் தாத்தா சொத்தில் பங்கு கேட்டார்கள். கீழ் நீதிமன்றங்கள் அவர்களிடம், 'பெண்ணுக்குப் பங்கு உண்டு என்ற வழக்கத்தை நிரூபியுங்கள்' என்று கேட்டு, நிரூபிக்காததால் தள்ளிவிட்டன. உச்ச நீதிமன்றம் கேள்வியையே திருப்பிப் போட்டது. பெண்ணுக்குப் பங்கு இல்லை என்று ஒரு வழக்கம் இருப்பதை எதிர்த்தரப்பு நிரூபித்ததா? இல்லையே. அப்படியானால் சமத்துவம்தான் விதி. ஆணுக்கு மட்டும் பங்கு என்பதற்கு நியாயமான அடிப்படை எதுவும் இல்லை.

கேட்பதற்குச் சின்ன மாற்றம். ஏற்காட்டுக் கிராமத்தில் வழக்கு போட நினைக்கும் ஒரு மகளுக்குப் பெரிய மாற்றம். இதுவரை அவர்தான் பட்டக்காரரையோ ஊர்க் கவுண்டரையோ சாட்சிக் கூண்டுக்கு அழைத்து, தனக்கு எதிராகச் சொல்லக்கூடியவர்களிடம் ஆதாரம் தேட வேண்டியிருந்தது. இனிமேல் அந்தச் சுமை அண்ணன் மீது என்று வாதிட முடியும்.

ஆனால் அதே 2025 அக்டோபரில், இமாச்சலப் பிரதேசப் பழங்குடிப் பகுதிகளில் வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று அந்த மாநில உயர் நீதிமன்றம் சொல்லியிருந்ததை உச்ச நீதிமன்றம் நீக்கியது. 2(2) தெளிவாக இருக்கிறது, அறிவிக்கை வராமல் சட்டத்தை நீட்ட முடியாது என்றது. ஆக, சமத்துவம் என்ற கதவு வழியாக உள்ளே வரலாம், வாரிசுரிமைச் சட்டம் என்ற கதவு பூட்டியிருக்கிறது. சாவி மத்திய அரசின் அரசிதழில்.

அதுவரை, வழக்கம் தங்களைக் காப்பாற்றாது என்று நினைக்கும் பெற்றோர் தங்கள் தனிச் சொத்தை மகள் பேருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்யலாம். அதற்கு முதலில் பட்டா இருக்க வேண்டும்.

பட்டா பற்றிய பேச்சு வந்தால் 2006-ன் வன உரிமைச் சட்டத்தையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவுகளால் இதன் அமலாக்கம் பல ஆண்டுகள் தாமதமானது. எழுத்தும் வழக்கமும் இங்கே வித்தியாசமாகக் கைகுலுக்குகின்றன. நிலத்தை எத்தனை காலமாக உழுகிறார்கள் என்பதற்கு, விண்ணப்பதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினால் அதுவும் ஆதாரம் என்கின்றன அதன் விதிகள். வாய்ச்சொல்லுக்குச் சட்டத்தில் கிடைத்த அபூர்வமான நாற்காலி. அதே சட்டத்தில் இன்னொரு நிபந்தனை: திருமணமானவர் என்றால் உரிமைச் சான்று கணவன், மனைவி இருவர் பேரிலும் இருக்க வேண்டும். விற்க முடியாது, ஆனால் வாரிசுக்குப் போகும்.

அந்த வாரிசு மகனா, மகளா, இருவருமா என்று கேட்டால் சட்டம் மறுபடி ஊரைத்தான் கைகாட்டுகிறது.